பந்தும் குவளையும்: பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை

தோற்றுவாய்

விளையாட்டுக்குச் சாதியும் மதமும் இல்லை என்று மேடைகளில் பலரும் பேசக் கேட்கிறோம். இக்கூற்று விருப்பத்தைக் காட்டுகிறதேயன்றி வரலாற்றைக் காட்டவில்லை. ஆடுகளத்தைச் சுற்றியும் ஒரு காலத்தில் வேலிகள் இருந்தன. அவ்வேலிகளைத் தம் திறத்தால் தாண்டியவர்களும், தாண்டிய பின்னரும் வேறு வேலிகளால் தடுக்கப்பட்டவர்களும் உண்டு.

அமெரிக்க நாட்டினர் தம் தேசிய ஆட்டமாகக் கொண்டாடுவது பேஸ்பால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வாட்டத்தின் பெரிய அணிகளில் கறுப்பினத்தார் எவரும் சேர்க்கப்படவில்லை. அவர்கள் 1920இல் தமக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு ஆடினர். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய பின்னரே அந்தத் தடை உடைந்தது. இவ்வரலாறு அந்நாட்டில் சிறுவர்க்கான கதைகளாகவும் புதினங்களாகவும் எழுதப்பட்டுள்ளது. தம் முன்னோர் இழைத்த அநீதியை அந்நாட்டுப் பிள்ளைகள் கதைவழியே அறிந்து வளர்கின்றனர்.

ராபின்சன் களமிறங்குவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் ஒருவர் இத்தகைய வேலியைத் தாண்டினார். அவர் ஆடியது கிரிக்கெட். அவரைத் தடுத்தது நிறவேற்றுமை அன்று, தீண்டாமை. அவரே பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாற்றறிஞர்களால் போற்றப்படும் இவரின் பெயரை நம் மாணவருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்தம் வாழ்க்கையைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் கொங்கணக் கரைப் பகுதியில் உள்ள பல்வண் என்னும் சிற்றூரினர். அவ்வூரின் பெயரே குடும்பத்தாரின் பெயராயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்தது 1876இல். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் இடலாக்குடியில் பிறந்தது 1874இல். நாஞ்சில் நாட்டார் தம் வீட்டுப் பெரியவர்களாகக் கருதிப் போற்றும் இவ்விருவரின் தலைமுறையைச் சேர்ந்தவரே பாலு என்று கொண்டால், அவர் வாழ்ந்த காலம் நமக்கு எளிதில் விளங்கும்.

பாலுவின் குடும்பம் தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் வகுப்பைச் சேர்ந்தது. இறந்த விலங்கின் தோலைப் பதப்படுத்துவோர் என்பதனால் அவ்வகுப்பினர் தீண்டத்தகாதோர் எனக் கருதப்பட்டனர். ஊருக்குப் புறத்தே அவர்களுக்கு இடம். பொதுக்கிணற்றில் அவர்களுக்கு நீரில்லை. கோயிலுக்குள் அவர்களுக்கு வழியில்லை.

தந்தையார் புனே நகரில் இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். அதனால் பாலுவின் இளமை இராணுவக் குடியிருப்பின் அருகில் கழிந்தது. ஆங்கில அதிகாரிகள் ஆடிக் கழித்த பழைய மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர்தம் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர். கணபத், விட்டல் என்னும் இளைய தம்பியர் இருவரும் பின்னர் இதே வழியில் வந்தனர். நான்கு உடன்பிறந்தாரும் கிரிக்கெட் வீரர்களாக விளங்கியது இக்குடும்பத்தின் தனிச்சிறப்பாகும்.

மூன்று ரூபாய்ச் சம்பளம்

வீட்டு வறுமையின் காரணமாகப் பாலு இளமையிலேயே வேலைக்குச் சென்றார். புனேயில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுத்துச் சமன்செய்வதும் அவர் பணி. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். உறுப்பினர் பயிற்சி செய்யும்போது சிற்சில வேளைகளில் அவர்களுக்குப் பந்து வீசுவதும் உண்டு.

1892ஆம் ஆண்டையொட்டி அவர் ஐரோப்பியர்க்குரிய புனே கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாதச் சம்பளம் நான்கு ரூபாய். களத்தைப் பண்படுத்துதல், வலை கட்டுதல், கோடு போடுதல் ஆகியவற்றோடு உறுப்பினர்க்குப் பந்து வீசுதலும் அவர்தம் அன்றாடக் கடமையாயிற்று. அக்கழகத்தின் தலைசிறந்த மட்டையாளர் ஜே.ஜி. கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி. அவர் மற்றவர்க்கு முன்னதாகவே களத்திற்கு வந்து பாலுவைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெறுவது வழக்கம். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் கிரெய்க் எட்டணா பரிசளித்தார் என்பர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பாலு ஆயிரக்கணக்கான பந்துகளை வீசினார். ஆனால் மட்டையைப் பிடித்து ஆட அவர்க்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மட்டை வீசுதல் துரைமார்க்குரிய இன்பம் எனவும், பந்து வீசுதல் பணியாளர்க்குரிய உழைப்பு எனவும் அந்நாளில் எண்ணினர். ஆனால் அவ்வுழைப்பே பாலுவுக்குக் கல்வியாக அமைந்தது. நாள்தோறும் பல மணி நேரம், நாட்டின் சிறந்த மட்டையாளர் ஒருவருக்கு எதிரே நின்று வீசிய அப்பயிற்சியை எந்தச் செல்வராலும் விலைகொடுத்துப் பெற்றிருக்க இயலாது.

பாலு இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுபவர். வேகத்தால் அச்சுறுத்துவது அவர் முறையன்று. குறித்த இடத்தில் பந்தை இடுதல், அதனை இருபுறமும் திருப்புதல், வேகத்தைச் சிறிதே கூட்டியும் குறைத்தும் மட்டையாளரை மயக்குதல் ஆகியன அவர்தம் வல்லமைகள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடக்கைப் பந்துவீச்சாளர் வில்பிரட் ரோட்சுடன் ஒப்பிட்டு, இவரை இந்தியாவின் ரோட்சு என அந்நாளில் அழைத்தனர்.

மண்குவளை

ஐரோப்பியரைக் களத்தில் வெல்லவேண்டும் என்பது புனேயில் இருந்த இந்துக் கழகத்தாரின் பேரவா. அதற்குத் தகுந்த பந்துவீச்சாளர் அந்நகரிலேயே இருக்கிறார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர். இவரைச் சேர்ப்பதா, விடுவதா என்று கழகத்தில் பெரும் வாதம் எழுந்தது. அணியில் இருந்த தெலுங்கர் சிலர் சேர்க்கவேண்டும் என்றனர். உள்ளூர்ப் பிராமணருள் சிலர் மறுத்தனர். இத்தகைய ஆற்றலாளரை இழப்பது மூடத்தனம் என்னும் கருத்தை கிரெய்க் வெளிப்படையாகவே தெரிவித்தார். முடிவில் வெற்றி வேட்கை ஆசாரத்தை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

ஆயினும் அவரை முழுமையாக ஏற்கவில்லை. களத்தில் அவர் வீசிய பந்தை மற்றவர்கள் தொட்டனர். அவர் எறிந்ததைப் பிடித்தனர். அவர் எடுத்த விக்கெட்டுக்காக மகிழ்ந்தனர். தேநீர் வேளை வந்ததும் ஏனையோர் மாளிகைக்குள் சென்று பீங்கான் குவளையில் தேநீர் அருந்த, பாலு வெளியே நின்றார். அவருக்கு மட்டும், அருந்தியதும் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. கைகால் கழுவ வேண்டுமெனில் அவர் வகுப்பைச் சேர்ந்த பணியாளே நீர் கொண்டுவந்து ஊற்றவேண்டும். உணவும் தனியே, தனித்தட்டில்.

இதில் உள்ள முரண்பாட்டை மாணவர்கள் நன்கு எண்ணிப்பார்த்தல் வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் செய்யப்படுவது. தோலைத் தொடுவதால் தீட்டு என்று ஒரு சமுதாயத்தையே ஒதுக்கியவர்கள், அந்தத் தோற்பந்தை அச்சமுதாயத்தைச் சேர்ந்தவரின் கையிலிருந்து நாள்முழுதும் வாங்கி ஆடினர். பந்தினால் வராத தீட்டு குவளையினால் வருமென்று நம்பினர். தீண்டாமைக்குச் சமயமோ தூய்மையோ காரணமன்று, ஆதாயம் வேண்டுமிடத்தில் அது தளர்ந்தும் மதிப்பு அளிக்க வேண்டுமிடத்தில் அது இறுகியும் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்க்கு இம்மண்குவளை புதிதாகத் தோன்றாது.

சாத்தாராவில் இருந்த ஐரோப்பியர் அணியுடன் நடந்த ஆட்டம் பாலுவின் புகழை உயர்த்தியது. அவர்தம் பந்து திரும்பாதவாறு ஆடுகளத்தைப் பல நாள் உருளையிட்டு இறுக்கி வைத்திருந்தனர். அக்களத்திலும் பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரைப் பாராட்டப் புனேயில் நடந்த கூட்டத்தில் நீதியரசர் மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை சூட்டினார். பாலுவோடு சேர்ந்து விளையாடக் கூடுமாயின் அவரோடு சேர்ந்து உண்ணவும் பருகவும் கூடும் என்று அணியினருக்கு ரானடே அறிவுறுத்தினார். பாலகங்காதர திலகரும் பின்னர் ஒரு பொதுக்கூட்டத்தில் பாலுவைச் சிறப்பித்தார்.

பம்பாயில் வெற்றி

1896ஆம் ஆண்டையொட்டிப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே பம்பாய்–பரோடா–மத்திய இந்திய இரயில்வேயில் அவருக்கு வேலை கிடைத்தது. பம்பாயின் இந்து ஜிம்கானாவிலும் முதலில் தயக்கம் இருந்தது; பின்னர் அவரை ஏற்றனர். அவருக்குப் பின் சிவராமும் அணியில் இடம்பெற்றார்.

அந்நாளைய கிரிக்கெட்டில் ஊர் அணிகளைவிட மத அணிகளே பெரிதாகப் பேசப்பட்டன. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் எனத் தனித்தனி அணிகள் மோதின. 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நாற்கோணப் போட்டியாயிற்று. மதவாரியாக அணிகளைப் பிரித்த இம்முறை பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி 1946இல் கைவிடப்பட்டது. எனினும் அக்காலத்தில் மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டது இப்போட்டிகளுக்கே.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்து அணியும் ஐரோப்பிய அணியும் மோதின. இந்து அணி முதல் ஆட்டத்தில் 242 ஓட்டங்களும் இரண்டாம் ஆட்டத்தில் 160 ஓட்டங்களும் எடுத்தது. ஐரோப்பியர் 191, 102 என்ற எண்ணிக்கையில் வீழ்ந்தனர். 109 ஓட்ட வேறுபாட்டில் இந்து அணி வென்றது. பாலு இரு ஆட்டங்களிலும் சேர்த்து எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆள்வோரை ஆளப்படுவோர் வென்ற இச்செய்தி நாடெங்கும் பரவியது.

இவ்வெற்றியைச் சமூகக் கண்கொண்டு நோக்கிய இதழ் ஒன்று உண்டு. தஞ்சைத் தமிழரான காமாட்சி நடராசன் பம்பாயிலிருந்து நடத்திய இந்தியன் சோஷியல் ரிபார்மர் என்னும் அவ்விதழ், பாலு சகோதரர்களை அணியில் சேர்த்ததையே உண்மையான வெற்றியாகக் கருதியது. புனேயில் வெளியே நின்று தேநீர் அருந்தியவருக்குப் பம்பாயில் மற்றவரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் உரிமை கிடைத்திருந்தது. பத்தாண்டுக் காலத்தில் ஒரு குவளையின் தொலைவை அவர் கடந்திருந்தார்.

இங்கிலாந்துப் பயணம்

1911இல் அகில இந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்துக்குச் சென்றது. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அதன் தலைவர். பார்சிகளும் இந்துக்களும் மட்டுமன்றி, அலிகர் கல்லூரியின் ஆடுகளத்தில் உருவான சலாமுதீன், ஷப்கத் உசேன் போன்ற முஸ்லிம் வீரர்களும் அதில் இடம்பெற்றனர். மத அணிகளாகப் பிரிந்து நின்றோர் ஒரே அணியாய் ஒரே கப்பலில் சென்ற பயணம் அது. பாலுவும் சிவராமும் அவ்வணியில் இருந்தனர்.

அணிக்குத் தோல்விகளே மிகுதி. முதல்தர ஆட்டங்கள் பதினான்கில் இரண்டில் மட்டுமே வென்றது. மகாராஜா விருந்துகளிலும் முடிசூட்டு விழாக் கொண்டாட்டங்களிலும் பெரும்பொழுதைக் கழித்தார். இத்தனைக்கும் நடுவில் தனித்து ஒளிர்ந்தவர் பாலு. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து அளவில் இருக்கும், தோள்வலி வேறு. ஆயினும் அப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. இவற்றுள் முதல்தர ஆட்டங்களில் எடுத்தவை 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டப்பகுதியில் எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியர் வென்ற ஆட்டத்தில் பதினொரு விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட் அணிக்கு எதிரான வெற்றியில் சிவராம் நூறு ஓட்டங்களைக் கடந்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஆங்கிலக் கழகங்கள் சில பாலுவைத் தம் நாட்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரராக இருக்குமாறு வேண்டியதாகக் கூறுவர். அவர் தாயகம் திரும்பினார். பம்பாயில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கூடி அவருக்கு வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வரவேற்புரையை உருவாக்கியவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்பர். இழிந்தோர் எனத் தள்ளப்பட்ட ஒரு சமுதாயத்தின் இளைஞர்களுக்கு, தம்முள் ஒருவர் உலகறிய உயரலாம் என்னும் நம்பிக்கையைத் தந்த முதல் மனிதர் பாலு எனின் மிகையாகாது.

மறுக்கப்பட்ட தலைமை

அணியில் மிக மூத்தவர், மிகச் சிறந்தவர், மிக நீண்டகாலம் ஆடியவர் என்னும் மூன்று தகுதிகளும் பாலுவிடம் இருந்தன. ஆயினும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு அவரை நாடி வரவில்லை. ஆண்டுதோறும் அவர் நண்பர்கள் வேண்டினர். ஆண்டுதோறும் தேர்வாளர் மறுத்தனர். 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பாய் என்பவர் பிராமணர். இப்பெருமை பாலுவுக்கே உரியது என்று அவர் தமக்களித்த பாராட்டு விழாவிலேயே எடுத்துரைத்தார். அவரது நேர்மையை நாம் போற்றுதல் வேண்டும்.

ஆட்டத்தில் பந்து வீசுவது உழைப்பு. தலைமை ஏற்பது ஆணையிடுவது. உழைப்பைத் தாழ்த்தப்பட்டவரிடமிருந்து பெறுவதில் பழைய சமுதாயத்திற்குத் தடையிருந்ததில்லை. அவர் ஆணைக்கு உயர்சாதியினர் பணிந்து களத்தில் நிற்பது என்பதே அதற்குப் பொறுக்கவில்லை. குவளையைத் தந்தவர்கள் கோலைத் தர மறுத்தனர்.

1920இல் இச்சிக்கல் முற்றியது. அவ்வாண்டுப் போட்டியின்போது தலைவர் பாய் உடல்நலமின்றி இருந்தார். பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமை, விட்டலையும் சிவராமையும் தாண்டி, வயதில் இளையவரான தேவ்தருக்குத் தரப்பட்டது. தேவ்தர் திறமற்றவர் அல்லர். பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் இங்கே எடைபோடப்பட்டது திறமன்று என்பதை விட்டலும் சிவராமும் உணர்ந்தனர். சாதியின் பெயரால் தாங்கள் இழிவுபடுத்தப்படுவதைப் பொறுக்க இயலாது என அறிக்கை வெளியிட்டு இருவரும் அணியிலிருந்து விலகினர். அணியில் இடம் பெறுவதே அரிதாயிருந்த குடும்பத்தினர், பெற்ற இடத்தைத் தன்மானத்திற்காகத் துறந்தனர். அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனி அமைப்பைக் கண்டதும் இதே 1920ஆம் ஆண்டில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரே ஆண்டில் நிமிர்ந்து நின்றனர்.

பொதுமக்களின் கருத்து சகோதரர்கள் பக்கம் திரும்பியது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்து, தீண்டாமை ஒழிப்பைப் பற்றிக் காந்தியடிகள் நாடெங்கும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பார்சிகளுடன் நடந்த இறுதி ஆட்டத்திற்குப் பாய் உடல்தேறி வந்தார். சகோதரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். பாலு துணைத்தலைவராக அறிவிக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பாய் களத்தை விட்டு வெளியேறி, அணியை நடத்தும் வாய்ப்பைப் பாலுவுக்கு அளித்தார். முப்பதாண்டுக் கால உழைப்புக்குக் கிடைத்த தலைமை, சில மணி நேரத்துத் தலைமை.

அண்ணனுக்கு முழுமையாகக் கிட்டாதது தம்பிக்குக் கிட்டியது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்றபோது, மக்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். தொடுதலே தீட்டென்று சொல்லப்பட்ட ஒருவரை எல்லாச் சாதியினரும் தம் தோள்மீது சுமந்த காட்சி அது. விட்டல் தம் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதி 1948இல் வெளியிட்டார். பாலு தாமே எழுதி வைத்துச் சென்றதாக நூல் ஏதும் அறியப்படவில்லை.

அரசியற் களம்

பாலு முதல்தர ஆட்டங்கள் 33 ஆடி 179 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சராசரி 15.21. இந்தியா முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது 1932இல். அதற்கு முன்பே பாலுவின் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது.

அதே 1932இல் அவர் வேறொரு களத்தில் நின்றார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வழங்கிப் பிரித்தானிய அரசு தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். தனித்தொகுதியை அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் வலியுறுத்தினர். கூட்டுத் தொகுதியை எம்.சி. ராஜா ஆதரித்தார். பாலு ராஜாவின் பக்கம் நின்றார். செப்டம்பர் 24இல் ஏற்பட்ட புனே ஒப்பந்தத்தில் இவர்கள் நால்வரும் கையொப்பமிட்டனர். தனித்தொகுதி கைவிடப்பட்டது, சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன.

1937 தேர்தலில் பம்பாய்ச் சட்டமன்றத்திற்குக் காங்கிரசு சார்பில் பாலு நின்றார். எதிரே நின்றவர் அண்ணல் அம்பேத்கர். தம் இளமையில் யாரை வாழ்த்தி வரவேற்றாரோ அவரையே எதிர்த்து அம்பேத்கர் நிற்க நேர்ந்தது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார். பாலு 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார்.

பாலு தேர்ந்த வழி சரியா என்று இன்று பலர் வினவக்கூடும். உயர்சாதியினர் மெல்ல மெல்ல மாறுவர் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு அவர் வாழ்விலேயே ஆதாரம் இருந்தது. மண்குவளையிலிருந்து பொதுப்பந்திக்கும், பந்தியிலிருந்து தலைமைக்கும் அவர்தம் குடும்பம் நகர்ந்ததை அவர் கண்டவர். ஆனால் அந்நகர்வுக்கு முப்பதாண்டுகள் ஆயின. ஈடற்ற திறம் வாய்ந்த ஒரு குடும்பத்திற்கே அத்தனை காலம் ஆயிற்று. திறமற்ற எளியவர் எத்தனை காலம் காத்திருப்பது என்பதே அம்பேத்கரின் வினா. உரிமை என்பது திறமைக்குக் கிடைக்கும் பரிசாக இருத்தல் கூடாது. அது பிறப்பிலேயே உள்ளது. பாலுவின் வாழ்க்கையே அம்பேத்கரின் வாதத்திற்கு வலிய சான்றாக நிற்கிறது என்பது என் துணிபு.

நாஞ்சில் நாட்டு நோக்கில்

தீண்டாமையின் கதை நாஞ்சில் நாட்டார்க்கு அயலூர்க் கதையன்று. மேலாடை அணியும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் பல்லாண்டுகள் போராடி, 1859இல் அரசாணை பெற்ற மண் இது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சுசீந்திரத்தில் 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் அரசு ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டது. அடுத்த சில திங்களில்தான் பம்பாயில் பாலுவும் அம்பேத்கரும் தேர்தல் களத்தில் எதிரெதிர் நின்றனர். ஆடை, தெரு, கோயில், குவளை எனப் பொருள்கள் வேறுபட்டாலும் மறுக்கப்பட்டது ஒன்றே. அது மனித மதிப்பு.

இஸ்லாம் இம்மதிப்பை வணக்கத்தின் அமைப்பிலேயே வைத்துள்ளது. அடிமையாய் இருந்த கறுப்பினத்தவரான பிலால் (ரலி) அவர்களையே தொழுகைக்கு அழைப்பவராக நபிகள் நாயகம் (ஸல்) நியமித்தார்கள். மக்கா வெற்றியின்போது கஅபாவின்மீது ஏறி அழைப்பு விடுத்தவரும் அவரே. உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு மதிப்பை மறுக்கும் வழக்கத்திற்கு அதனினும் உயர்ந்த மறுமொழி உண்டோ? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவர்கள், வரிசை கலைந்த பின்னரும் அந்நிலையில் நிற்கிறோமா என்பதை நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்கும் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உணவு விடுதிகளில் பொதுவாக வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த ஒருவரைத் தடுப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். மண்குவளை தந்து வெளியே நிறுத்தும் வழக்கம் அன்று முதல் நாட்டுச் சட்டத்தால் தண்டிக்கத்தக்கதாயிற்று.

அதற்கடுத்த திங்களில், 1955 ஜூலையில், பல்வங்கர் பாலு பம்பாயில் காலமானார்.

அமெரிக்காவில் ராபின்சன் அணிந்த 42ஆம் எண்ணை 1997இல் எல்லாப் பெரிய அணிகளும் அவர் நினைவாக ஓய்வுறச் செய்தன. அவரைப் பற்றிச் சிறுவர்கள் கதைகள் படிக்கின்றனர். பாலுவின் கதையோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியதாகவே இருக்கிறது. தமிழ் கற்கும் மாணவர்களே! கதை எழுதும் ஆற்றலுடையோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். மூன்று ரூபாய்ச் சம்பளத்துக்கு உருளை இழுத்த ஒரு சிறுவனைப் பற்றியும், ஒருவர் தொட்ட பந்தை ஏற்று, அவர் தொட்ட குவளையை மறுத்த பெரியவர்களைப் பற்றியும், சிறுவர்க்கு விளங்கும் எளிய தமிழில் எழுதுங்கள். அதைப் படிக்கும் பிள்ளை, தன் வகுப்பில் தன் அருகில் அமர்ந்திருப்பவனின் தண்ணீர்க் குவளையைத் தயங்காமல் வாங்கிக் குடிப்பானாயின், அதுவே பாலுவுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.